தண்ணி நிக்காது

கூட்டம் ஆறு மணிக்கு. மங்கையர்க்கரசி ஐந்து மணிக்கே வந்து, குட்டையின் மேற்குப் பக்கம், மேலிருந்து மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டாள். குட்டை என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. கட்டி முடித்து பதினோரு வருஷமாகிறது, மழை கொட்டிய மறுநாளும் அதற்கு மறுநாளும் தவிர அதில் தண்ணீரை யாரும் பார்த்ததில்லை. மாசி வெயில் இறங்கிவிட்டது, கல்லின் சூடு இன்னும் இறங்கவில்லை. சேலையைத் தாண்டி இதமாக ஏறியது. படியின் உயரம் ஒன்றேகால் அடி. சேலை கட்டிய பெண்களுக்கு எந்த உயரத்தில் உட்கார்ந்து எழுந்தால் முட்டி வலிக்காது என்று இந்தத் தெருப் பெண்கள் பத்துப் பேரை முக்காலியிலும் செங்கல் அடுக்கிலும் உட்காரவைத்து, டேப்பால் அளந்து, அப்புறம் வரைந்த படி இது. அதைச் சரியாகக் கேட்டோம், அதிலே குறையில்லை, என்று நினைத்துக்கொண்டாள். கீழே குட்டையின் அடித்தளத்தில் வலை கட்டிப் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப் படியில் யாரோ வடகம் பிழிந்து காயவைத்து, காக்கைக்காகக் குச்சியில் கறுப்புத் துணி சொருகியிருந்தார்கள். இரண்டு ஆடுகள் நாலாவது படியில் நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தன. மேலே வேப்பமரத்தடியில் மைக்செட்காரர், ஹலோ ஹலோ, கேக்குதா, என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அவள் கைப்பைக்குள் கடிதம் இருந்தது, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு டைப் அடித்த கடிதம். குட்டையின் அடியில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, விளிம்போடு விளிம்பு ஒட்டி, வருஷம் முழுக்கத் தண்ணீர் நிறுத்தப் போகிறார்கள். நடுவில் நீரூற்று, வாத்து வடிவத்தில் நாலு படகு. குட்டையை வடிவமைத்தவள் என்ற முறையில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் தண்ணீர் நிற்கும். போடாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். அந்த ஏன்தான் பதினோரு வருஷமாக அவள் வயிற்றில் கிடக்கிறது.

கடிதத்தை அனுப்பியவர் மாநகராட்சியின் உதவிப் பொறியாளர் இளம்பரிதி. நல்ல பிள்ளை, அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். போன வாரம் தொலைபேசியில் அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மேடம், உங்க ஒரிஜினல் படத்தை ரெக்கார்டு ரூமில் கண்டுபிடிச்சிட்டேன், கரையான்கூடத் தொடலை, என்றார். அந்தப் படம். கம்ப்யூட்டரில் வரைந்தால் மக்களுக்குப் புரியாது என்று கையால் தீட்டியது. நடுவில் குட்டை முழுக்க மயில்கழுத்து நீலம், அதில் வேப்பமரத்தின் நிழல் தலைகீழாக, ஓரத்தில் அவள் கையெழுத்தில் ‘நிலையான நீர்மட்டம்’ என்று ஒரு கோடு. அந்த நீலத்தைக் கலக்க ஒரு பகல் முழுக்கப் போயிற்று. உங்க கனவைத்தான் மேடம் நிறைவேத்தப் போறோம், என்றார் இளம்பரிதி. வேண்டாம் என்றால், என்று அவள் பட்டும் படாமலும் கேட்டாள். அவர் சிரித்தார். மன்றம் ஒப்புதல் கொடுத்த படம் இதுதான், இந்தப் படமே தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்தாத்தான் மேடம் இனி இது நிக்கும், என்றார். நிக்கும். அந்தச் சொல் அவள் காதிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் நிற்பதும் வேலை நிற்பதும் பேருந்து நிற்பதும் தமிழில் ஒன்றுதான். ஒரே சொல்லை இத்தனை வேலைக்கு அனுப்பினால் அது எங்கே போய் எதைச் சொல்லும், பாவம். மொழியைக் குற்றம் சொல்வது சுலபம், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் எப்போதும் கோணல்தான், என்று தன்னைத்தானே குட்டிக்கொண்டாள். கேக்குதா, என்றார் மைக்செட்காரர் மறுபடியும்.

அன்றும் இதே வேப்பமரம். ஆற்றங்கரையிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து இங்கே குடிவைத்திருந்த இருநூறு குடும்பங்கள், அரசாங்கக் காகிதத்தில் அன்னை நகர் இரண்டாம் விரிவு, ஜனங்கள் வாயில் மணக்காடு. நடுவில் கிடந்த பொட்டலில் என்ன வேண்டும் என்று மக்களையே கேட்டு வரைய வந்திருந்தாள். கேட்டு வரைவதுதான் அவள் பெயர். அவளுடைய அலுவலகத்துக்கே அதுதான் பெயர், வாசல் பலகையில் ‘கேட்டு வரை’ என்று அழகான எழுத்தில் இருக்கும். நிலவடிவமைப்பாளர் என்றால் சொந்தக்காரர்களுக்கே புரியாத காலத்தில், தோட்டம் போடுறவளா என்று மாமியார் கேட்ட காலத்தில், ஒரு சந்துக்கு ஒரு மரம் நடுவதாக இருந்தாலும் அந்தச் சந்தில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் நடுவது என்று பிடிவாதமாக இருந்தவள். அன்று பெரிய தாளும் கலர் ஒட்டுப்பொட்டுகளும் கொண்டுவந்திருந்தாள். பிடித்ததற்குப் பச்சை, பிடிக்காததற்குச் சிவப்பு ஒட்டச் சொன்னாள். பாதிப் பொட்டுகள் குழந்தைகளின் நெற்றிக்குப் போய்விட்டன. கேள்விகள் வரிசையாக எழுதிவைத்திருந்தாள், ஏழாவது கேள்வி, மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் நிற்குமா. பின்வரிசையில் ஒரு பெண், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டவள், கட்டட வேலையிலிருந்து நேராக வந்தவள், பெயர் செவந்தி, எழுந்து சொன்னாள்: “நிக்காதுங்க. எவ்வளவு பேஞ்சாலும் இங்க தண்ணி நிக்காது. இது மணக்காடு.” அரசிக்கு, அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அரசிதான், சந்தோஷமாகப் போயிற்று. தலையாட்டிக்கொண்டே நோட்டில் ‘வெள்ள பாதிப்பு இல்லை, நன்று’ என்று எழுதி ஒரு டிக்கும் போட்டாள். பக்கத்தில் ‘பழைய பெயர் மணக்காடு, மணம், மல்லிகை?’ என்று எழுதினாள். மணற்காடு தேய்ந்து மணக்காடு ஆகியிருக்கிறது என்று எந்தக் கழுதைக்கும் தெரிந்திருக்கும். ஊர் தன் பெயரிலேயே மணலை வைத்துக்கொண்டு கூவியிருக்கிறது, அவள் அதன் ஓரமெல்லாம் மல்லிகை நட்டாள். மல்லிகை இன்றும் அமோகமாக இருக்கிறது. மணலில் நன்றாக வரும்.

மண்ணைச் சோதிக்காமலா கட்டினாள் என்றால், சோதித்தாள். மூன்று இடத்தில் தோண்டியிருக்க வேண்டும், ஒரே இடத்தில் தோண்டினார்கள், அந்த இடம் பழைய செங்கல் சூளைக்காரன் களிமண் கொட்டிவைத்த மூலை. அறிக்கை களிமண் என்று வந்தது. குட்டை வேண்டும் என்று மனசு முன்பே தீட்டி வைத்திருந்ததால் அவள் இரண்டாவது குழி தோண்டச் சொல்லவில்லை. முதல் ஐப்பசி மழையில் குட்டை விளிம்பு வரை நிரம்பியது. புகைப்படக்காரரைக் கூட்டிவந்து எடுத்தார்கள், வேப்பமரத்தின் நிழல் தலைகீழாக, அவள் தீட்டினபடியே. மூன்றாம் நாள் வந்து பார்த்தால் அடியில் ஈரம்தான் இருந்தது, நாலு தவளை இருந்தது. அடுத்த மழையும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வருஷம் ஒரு விருதுக்கு விண்ணப்பம் போக வேண்டியிருந்தது, விண்ணப்பத்தில் ‘வடிவமைப்பின் நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருந்தது, அவள் கை தானாக எழுதியது: ‘இது நீர் தேங்கும் குட்டை அல்ல, நீரைக் குடிக்கும் குட்டை.’ படத்தையும் புதிதாகத் தீட்டினாள், நீலத்துக்குப் பதில் காவி. கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். அவளுக்கு மீசை இல்லை, மண் மட்டும் நிறைய இருந்தது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்றும் சொல்வார்கள், அவளுக்கு நட்சத்திர ஓட்டலில் விருந்தே வைத்தார்கள். அன்றிலிருந்து எங்கே பேசப் போனாலும் திரையில் பதினாலாவது படம் இந்தக் குட்டை. அடுத்த மாதம் அவள் படித்த கல்லூரியிலேயே பட்டமளிப்பு விழாவில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், தலைப்பு ‘கேட்டு வரைதல்’. இதிலே வேடிக்கை, பொய் சொன்னவளை விட்டுவிட்டுப் பொய் தன் பாட்டுக்கு உண்மையாகிவிட்டது. மூன்றாம் வருஷம் சித்திரையில் நாலாம் தெருக் கைப்பம்பு வற்றவில்லை. நாலாம் வருஷம் லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைப்பது நின்றது. குட்டை நிஜமாகவே குடித்திருக்கிறது, குடித்ததைக் கீழே தெருத் தெருவாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. அவளைக் கேட்காமலே.

பந்து ஒன்று மேலே எகிறி வந்து படியில் தட்டித் தட்டி இறங்கிப் போயிற்று. அவள் கால் தானாக நகர்ந்து வழிவிட்டது. பயம் குட்டையைப் பற்றி மட்டுமாக இருந்தால் பரவாயில்லை. பயம், மற்றதெல்லாம் எப்படி என்பது. பேருந்து நிலையத்தில் பூக்காரிகள் நிழல் வேண்டாம் வெளிச்சம் வேண்டும் என்றார்களே, அவள் கூரையில் கண்ணாடி வைத்தாளே, அது சரியாகக் கேட்டதுதானா, அல்லது பூ வாடாமல் இருக்க நிழலும் முகம் தெரிய வெளிச்சமும் என்று இரண்டையும் சொன்னார்களா. பொது மருத்துவமனையில் நோயாளிகளோடு வந்தவர்களுக்காக ஒரு தோட்டம் போட்டாள், அங்கே ஒரு மனிதர் எங்களுக்கு உட்காரவே முடியலம்மா என்றார். அவள் நிறைய பெஞ்சு போட்டாள். உட்கார முடியவில்லை என்றால் பெஞ்சு இல்லை என்று அர்த்தமா, மனசு தாங்கவில்லை என்று அர்த்தமா, அந்த மனிதர் நடக்க ஓர் இடம் கேட்டாரோ என்னவோ. பெஞ்சுகளில் ஆட்கள் உட்கார்ந்திருக்கத்தான் செய்கிறார்கள். படுத்துத் தூங்கவும் செய்கிறார்கள். மக்கள் நல்லவர்கள், எதைக் கொடுத்தாலும் எப்படியாவது அதில் வாழ்ந்துவிடுகிறார்கள். குட்டை என்று சொல்லிப் பள்ளம் கொடுத்தால் பள்ளத்தில் வலை கட்டிப் பந்து ஆடுகிறார்கள், வடகம் காயவைக்கிறார்கள், ஆடி மாதம் கஞ்சி ஊற்றுகிறார்கள். அதைப் பார்த்து வரைந்தவள் நான்தான் என்று மார்தட்டலாம். அவள் தட்டியிருக்கிறாள். முப்பது வருஷம் இப்படித் தட்டியதுதானோ என்ற நினைப்பு வந்தபோது கல்லின் சூடு சட்டென்று தெரியாமல் போயிற்று. கைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொன்றும் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு அந்த நீலம் வேண்டும். சாவதற்குள் ஒரு தடவை, புகைப்படத்தில் இல்லாமல் நேரில், இந்தப் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் வேப்பமரம் தலைகீழாக ஆடுவதைப் பார்க்க வேண்டும். ஒரு கையெழுத்து. பெயரும் கெடாது, முதல் தெருக்காரர்கள் ஆறு மாதமாகப் படகு வேண்டும் படகு வேண்டும் என்கிறார்கள், அவர்களும் மக்கள்தானே. கைப்பம்பு வற்ற இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதற்குள் ஆற்றுக் குடிநீர் வந்துவிடும் என்கிறார்கள். வந்துவிடும் என்று பதினோரு வருஷமாகச் சொல்கிறார்கள்.

யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சிமென்ட் வாசனை. ஆம்பளைச் சட்டை, பழையது இல்லை, இது கோடு போட்டது. செவந்திதான். தலை பாதி நரைத்துவிட்டது, அரசிக்கு முழுசாக நரைத்ததைச் சாயம் மறைக்கிறது, இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. மேலே சேர் போட்டிருக்கிறார்களே, பார்க்கு மேடம் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள் செவந்தி. இந்த ஊரில் அரசிக்குப் பார்க்கு மேடம் என்றுதான் பெயர். கல்லு சூடாக இருக்கிறது, நல்லா இருக்கிறது, என்றாள் அரசி. ஆமாம், இடுப்புக்கு நல்லது, என்றாள் செவந்தி. மகளுக்குப் போன தையில் இரண்டாவது குழந்தை பிறந்ததைச் சொன்னாள். இன்றைக்கு வேலை மூன்றாவது மாடி, கலவை தூக்கித் தூக்கிக் கழுத்து விட்டுப்போச்சு என்றாள். பிறகு இருவரும் பந்தாட்டத்தைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே, அந்தக் கறுப்பு ஷீட்டுக்குக் கையெழுத்துப் போடப் போறீங்களா, என்று செவந்தி கேட்டாள். கேட்ட குரலில் அவசரம் எதுவும் இல்லை. ஷீட்டு போட்டா எங்க தெருப் பம்பு செத்துடும், மறுபடி லாரிக்குக் குடம் வைக்கணும், எனக்கு இப்ப தூக்க முடியாது, என்று மட்டும் சொன்னாள். பதினோரு வருஷத்தில் இந்தப் பெண்ணைப் பத்துத் தடவையாவது பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் நலம் விசாரித்துவிட்டு வேகமாக நகர்ந்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் சாப்பிட வருபவர்களைப் பார்த்து இப்படித்தான் நகர்வார்கள்.

“செவந்தி, மொத கூட்டத்துல இங்க தண்ணி நிக்குமான்னு கேட்டேன். நீங்க நிக்காதுன்னு சொன்னீங்க. நான் அத வெள்ளம் வராதுன்னு எழுதிக்கிட்டேன். தப்பா எழுதிக்கிட்டேன்.”

“தெரியும்ங்க,” என்றாள் செவந்தி.

அரசி அவளைத் திரும்பிப் பார்த்தாள். தெரியும் என்றால் எப்போதிலிருந்து என்று கேட்டாள். அப்பவேதான், என்றாள் செவந்தி. அவள் மணலைச் சொல்லியிருக்கிறாள். மேடம் சந்தோஷமாகத் தலையாட்டி எழுதிக்கொண்டதைப் பார்த்ததும், தண்ணி நிக்காது என்கிறோம், இந்தம்மா சிரிக்கிறாங்களே என்று தோன்றியிருக்கிறது. களிமண் கொட்டின மூலையில் போய்ச் சோதனைக்குத் தோண்டியபோது மறுபடியும் தோன்றியிருக்கிறது. படித்தவர்கள், வேறே ஏதாவது கணக்கு வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாளாம். தண்ணீர் கீழே இறங்கி நாலாம் தெருப் பம்பில் வந்ததும், பாத்தியா, கணக்கு இருக்கத்தான் செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம். கணக்கு எதுவும் இல்லை என்றாள் அரசி. செவந்தி அதற்கும் தலையாட்டினாள், அதுவும் தெரியும் போல.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே செவந்தி. தோண்டுறப்பவாவது.”

“நீங்க கேக்கலியே மேடம்.”

அதில் குத்தல் இல்லை. மணி என்ன என்று கேட்டால் ஆறாகப் போகிறது என்று சொல்கிற குரல். எந்தக் கேட்பதைச் சொல்கிறாள் என்று அரசி அவள் முகத்தைப் பார்த்தாள். செவந்தி குனிந்து கால்விரல் இடுக்கிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். வாசல் பலகை ஞாபகம் வந்தது, அழகான எழுத்து, அதற்கு எழுத்துக்காரரை எத்தனை தடவை திருத்தி எழுதவைத்தாள், கே-யின் கொம்பு இன்னும் கொஞ்சம் வளையட்டும், இன்னும் கொஞ்சம். விசித்திரமாக, பயம் எங்கேயும் காணவில்லை. மழைக்கு மூன்றாம் நாள் குட்டையைப் பார்ப்பது போல மனசில் தேடிப் பார்த்தாள், ஈரம் இருந்தது, அவ்வளவுதான். மேலே கூட்டம் கூடுகிற சத்தம் கேட்டது, பிளாஸ்டிக் நாற்காலிகள் இழுபட்டன. வலையை அவிழ்த்துச் சுருட்டினார்கள். செவந்தி முட்டியில் கையூன்றாமல் எழுந்தாள், ஒன்றேகால் அடி, அரசியும் எழுந்தாள்.

இளம்பரிதி ஓடிவந்து கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போனார். வேப்பமரத்தில் கயிறு கட்டி அந்தப் படத்தைக் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். நீலம் கொஞ்சம்கூட வெளுக்கவில்லை. அழகாக இருந்தது, அதை அவளே சொல்லக்கூடாது, ஆனால் அழகாக இருந்தது. முதல் தெருக்காரர்கள் கைதட்டினார்கள். கவுன்சிலர் வரவேற்றார், இளம்பரிதி இந்தக் கனவு எப்படிக் கோப்புக்குள் பதினோரு வருஷம் தூங்கியது என்று நெகிழ்ந்து சொன்னார், மேடமே இதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள் என்று இன்னொரு மைக்கை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். பின்வரிசையில் கோடு போட்ட சட்டை தெரிந்தது, உட்காராமல் மரத்தில் சாய்ந்து நின்றது. கல்லூரி மேடை நினைவுக்கு வந்தது, பதினாலாவது படம் வந்தது, போயிற்று. கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, படிக்காமல், நாலாக மடித்து மறுபடியும் உள்ளே வைத்தாள்.

“இங்க தண்ணி நிக்காதுங்க,” என்றாள். “இவங்க அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். இந்தப் படம் தப்பு. அத வரைஞ்சது நான். குட்டை இப்ப இருக்குறபடியே இருக்கட்டும். எழுதியும் தர்றேன்.”

யாரும் அசையவில்லை. இளம்பரிதி மட்டும் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வேப்பிலை ஒன்று நீலத்தின் மேல் விழுந்து, வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று. அப்போது பின்னாலிருந்து, மரத்தடியிலிருந்து, செவந்தியின் குரல் வந்தது.

“மேடம், கேக்கல.”

மைக்செட்காரர் எழுந்து வருவதற்குள் அரசியே குனிந்து பார்த்தாள். பொத்தான் மேலே தள்ளப்படாமல் இருந்தது. கட்டைவிரலால் அதைத் தள்ளினாள், கொர்ரென்று ஒரு சத்தம் குட்டைக்குள் போய்த் திரும்பி வந்தது. அவள் மைக்கை வாயருகே கொண்டுவந்து, முதலிலிருந்து சொன்னாள்.